இரண்டு மோட்டார் சங்கங்களும் ஒரு ஜானவாசமும்

எனக்குக் கார் கிடையாது. நான் அந்த நாளில் மிதித்துக்கொண்டிருந்த சைக்கிள்கூடக் காலமான அப்பாவுடையது. இருந்தும் மயிலாப்பூரில் பதினொரு கார் முதலாளிகள் சேர்ந்து நடத்திய மோட்டார் சங்கத்துக்கு நான்தான் காரியதரிசி. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. அந்தப் பதினொரு பேரில் ஒருவருக்கும் டைப் அடிக்கத் தெரியாது.

பகலில் எனக்குத் துறைமுகத்துப் பக்கம் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் ஸ்டெனோ வேலை. என் துரை அடையாறில் வெள்ளைக்காரர்கள் வைத்திருந்த இன்னொரு மோட்டார் சங்கத்தின் காரியதரிசி. ஆகவே இரண்டு சங்கங்களின் சுற்றறிக்கைகளும் ஒரே டைப்ரைட்டரில், ஒரே ரிப்பனில், என் கையால் அடிக்கப்பட்டன. கார்ப் பைத்தியம் எந்த ஊரிலும் ஒன்றுதான் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். சொல்கிறவன் ஒரு சங்கத்தை மட்டும் பார்த்தவனாக இருப்பான்.

அடையாறு சங்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடும். துரை கையெழுத்துப் போடவேண்டிய தாள்களோடு நான் அங்கே போய்ப் பக்கத்துத் தாழ்வாரத்தில் நிற்பேன். அதற்கு மேல் உள்ளே போக எங்கள் நிறத்துக்கு அனுமதி இல்லை. நின்ற இடத்திலிருந்து பார்த்தால் பத்துப் பன்னிரண்டு கார்களும், ஒவ்வொரு காரின் அடியிலும் இரண்டு கால்களும் தெரியும். கோர்ட்டில் நாம் எழுந்து நின்று வணங்கவேண்டிய ஜட்ஜுகளின் கால்கள்கூட அதில் உண்டு. எல்லாரும் அவரவர் காரைத் தாமே பிரித்து, தாமே எண்ணெய் பூசிக்கொண்டு, தாமே கெட்ட வார்த்தை சொல்வார்கள். பிறகு எந்த வண்டி எந்த இடத்துக்கு எத்தனை நிமிஷத்தில் போயிற்று என்று பேச ஆரம்பிப்பார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு மணி அடிக்கிறவரை அந்தப் பேச்சு ஓயாது.

மயிலாப்பூர் சங்கம் அதே ஞாயிறு மாலை, தலைவர் வீட்டுக் கூடத்தில் கூடும். தலைவர் பெரிய வக்கீல். முதலில் இறைவணக்கம், பிறகு காபி, பிறகு போன கூட்டத்தின் குறிப்பு வாசிப்பு, அதன் மேல் ஆட்சேபணைகள். பதினொரு பேரில் ஒருவருக்கும் கார் ஓட்டத் தெரியாது. தெரியாது என்பதில் அவர்களுக்கு வெட்கம் இல்லை. சமையல் தெரியாது என்று சொல்கிற ஜமீன்தார் மாதிரி, கொஞ்சம் பெருமையாகவே சொல்வார்கள். டிரைவர்கள் வாசலில் வேப்பமர நிழலில் இருப்பார்கள். கூட்டத்தில் கார்புரேட்டரைப் பற்றிச் சந்தேகம் வந்தால் தலைவர் ஒரு சீட்டு எழுதி வெளியே அனுப்புவார். அவருடைய டிரைவர், ராயப்பேட்டைக்காரர், எல்லாரும் பாய் என்று கூப்பிடுவோம், ஒரே வரியில் பதில் சொல்லி அனுப்புவார். அது தலைவரின் அபிப்பிராயம் என்று குறிப்பில் ஏறும். ஏற்றினவன் நான்தான்.

சுருக்கமாகச் சொன்னால், அடையாறில் ஸ்டீயரிங்கை இன்னொருவன் கையில் கொடுப்பது அவமானம். மயிலாப்பூரில் ஸ்டீயரிங்கைத் தொடுவதே அவமானம். தியாகராய நகரில் மூன்றாவதாக ஒரு கோஷ்டி இருந்தது. சினிமாவிலும் சிமெண்டிலும் புதிதாகச் சம்பாதித்தவர்கள். அவர்களுக்குக் குறிப்பும் கிடையாது, கூட்டமும் கிடையாது. சாயங்காலம் பனகல் பார்க்கைச் சுற்றிச் சுற்றி வருவார்கள், பார்ப்பதற்கு நாலு பேர் நின்றால் திருப்தியாக வீட்டுக்குப் போவார்கள்.

யுத்தம் வந்து பெட்ரோலுக்குக் கூப்பன் வந்தபோது அடையாறு சங்கம் படுத்துவிட்டது, அறிக்கைகள் மட்டும் வந்துகொண்டிருந்தன. பனகல் பார்க்கும் அமைதியானது. எங்கள் சங்கம் மட்டும் செழித்தது. கார்களின் சக்கரத்தைக் கழற்றி, மரக்கட்டையின் மேல் ஏற்றி, வெள்ளிக்கிழமைதோறும் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். ஓடாத காருக்குப் பங்சர் இல்லை, விபத்து இல்லை, கண்ணேறு இல்லை. காரை நேசிப்பதற்குப் பெட்ரோல் ஓர் இடைஞ்சல் என்பதை எங்கள் தலைவர் ஒரு சொற்பொழிவிலேயே நிரூபித்தார். யுத்தம் முடிந்தும் கூப்பன் முடியவில்லை, சக்கரங்களும் திரும்பி வரவில்லை.

யுத்தம் முடிந்த அடுத்த வருஷம்தான் என் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. அதற்கு முன் இரண்டு இடம் கைகூடாமல் போயிருந்தது. அவளுக்கு இருபத்திரண்டு வயது, எங்கள் தெருக் கணக்கில் அது நாற்பது. மாப்பிள்ளை திருச்சியில் ஒரு காலேஜில் பௌதிகம் சொல்லிக்கொடுப்பவர். பெண் பார்க்க வந்த அன்று அவர் பேசவே இல்லை. பாட்டு எப்படி என்று கேட்டால் அவருடைய அப்பா பதில் சொன்னார். காபியில் சர்க்கரை போதுமா என்று கேட்டதற்கும் அப்பாதான் பதில் சொன்னார். அவர்கள் போன பிறகு தங்கை என்னிடம் வந்தாள்.

"அண்ணா, அவர் வாயே தொறக்கலையே."

"அடக்கமான பையன்."

"அடக்கம்னா சரி. நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா அவர் பேசுவாரா, அவாத்து அப்பா பேசுவாரா? நான் யாரைக் கல்யாணம் பண்ணிண்டு போறேன்?"

எனக்குக் கோபம்தான் வந்தது. இதுவும் தட்டிப்போனால் இன்னொரு இடத்துக்கு எங்கே போவேன் என்று அவளைக் கடிந்துகொண்டேன். அவள் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கையில் சம்பந்தியிடமிருந்து கடிதம் வந்தது. ஜானவாசத்துக்குத் திறந்த கார் கட்டாயம் வேண்டும். முகூர்த்தத்துக்கு முதல் நாள் மாலை மாப்பிள்ளையைக் காரில் உட்காரவைத்து, நாகஸ்வரத்தோடு ஊர் பார்க்கக் கோவிலிலிருந்து அழைத்து வருவதுதான் ஜானவாசம். மூடின காரில் உட்கார்ந்தால் மாப்பிள்ளையை யார் பார்ப்பது? "திறந்த கார் கிடைக்காத பட்சத்தில் முகூர்த்தத்தைப் பற்றி மறுபடி யோசிக்கவேண்டியிருக்கும்" என்று மரியாதையாக முடித்திருந்தார்.

மோட்டார் சங்கத்தின் காரியதரிசிக்கு ஒரு கார் கிடைக்காதா என்று தைரியமாகத்தான் இருந்தேன். சங்கத்தின் பதினொரு கார்களில் திறந்த வண்டி ஒன்றே ஒன்று, தலைவருடையது. சக்கரத்தை மாட்டி ஒரு மாலைக்குக் கொடுத்தால் போதும். தலைவர் தனியாக முடிவெடுக்கமுடியாது என்று விஷயத்தைக் கூட்டத்தில் வைத்தார். காரியதரிசியின் தங்கை கல்யாணத்துக்குச் சங்கம் தன் முழு மனத்தோடு ஆசி கூறுகிறது என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. காரைப் பற்றி ஆராய ஓர் உபகமிட்டி போட்டார்கள். உபகமிட்டியின் முதல் கூட்டம் முகூர்த்தம் முடிந்த மூன்றாம் நாள் என்று முடிவாயிற்று. அந்தக் குறிப்பையும் நானே அடித்தேன். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்றால் என்ன என்று அன்று தெரிந்தது.

மறுநாள் துரையின் அறைக்குள் போய் நின்றேன். அவரிடம் இரண்டே இரண்டு பேர் உட்காரக்கூடிய, கூரை இல்லாத, தாழ்வான ஒரு சிவப்பு வண்டி இருந்தது. விஷயத்தைச் சொன்னேன். கொடுக்கமாட்டார் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வண்டியை யாரிடமும் கொடுப்பதில்லை. நானே ஓட்டி வருகிறேன். எவ்வளவு தூரம்?"

"கோவிலிலிருந்து மண்டபத்துக்கு அரை மைல்கூட இருக்காது, சார்."

"இதுவரை செய்தவர்களில் யாருடையது சிறந்தது? எவ்வளவு நேரம் ஆயிற்று?"

இந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. எங்கள் வழக்கத்தை மதித்துக் கேட்கிறாரே என்று நெஞ்சு நிமிர்ந்தது. "என் பெரியப்பா பிள்ளையினுடையதுதான், சார். மூன்று மணி நேரம். மயிலாப்பூரில் இன்னும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள்."

"அரை மைலுக்கு மூன்று மணி நேரமா?"

"ஆமாம் சார்," என்றேன் அடக்கமாக.

துரை என்னை வெகு பரிவோடு பார்த்தார். "கவலைப்படாதே. இதைவிடப் பிரமாதமாக நான் செய்து காட்டுகிறேன்," என்று சொல்லி, அதுவரை செய்யாத ஒன்றைச் செய்தார். எழுந்து கை குலுக்கினார். அந்த மாதத்துப் பெட்ரோல் முழுவதையும் இதற்கே வைத்துவிடுவதாகவும் சொன்னார். நான் ஆகாயத்தில் மிதந்துகொண்டு வெளியே வந்தேன். மூன்று மணியைத் தாண்டி என்றால் நாலு மணி நேரமாவது ஆகும் என்று கணக்குப் போட்டு, நேரே நாகஸ்வரக்காரர் வீட்டுக்குப் போய், கூட இரண்டு ராகத்துக்குத் தயாராக வரும்படி சொன்னேன்.

ஜானவாசத்தன்று மாலை ஆறு மணிக்கு லஸ் முனையருகே பிள்ளையார் கோவில் வாசலில் நல்ல கூட்டம். எங்கள் சங்கத்தார் பதினொருவரும் ஜட்காவிலும் ரிக்‌ஷாவிலும் வந்து இறங்கினார்கள். ஒவ்வொருவர் பின்னாலும் அவரவர் டிரைவர், காக்கிச் சட்டை தொப்பியோடு. காருக்குத்தான் விடுமுறை, டிரைவருக்கு இல்லை. தலைவரின் பாய் ஜட்காக்காரன் பக்கத்தில் விறைப்பாக உட்கார்ந்து வந்தார். துரை சிவப்பு வண்டியோடு சரியாக நேரத்துக்கு வந்திருந்தார். சம்பந்தி வண்டியைப் பார்த்தார், ஓட்டுகிறவரைப் பார்த்தார். ஒரு வெள்ளைக்காரர் தம் பிள்ளைக்கு டிரைவராக வந்திருக்கிறார் என்பது புரிந்ததும் அவர் முகத்தில் அப்படி ஒரு ஒளி. என் கையைப் பிடித்துக்கொண்டு, "பெரிய மனுஷாளா நடந்துண்டேள்," என்றார்.

மாப்பிள்ளை கோட்டும் டையும் ரோஜா மாலையுமாகத் துரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். வழக்கம்போல் வாய் திறக்கவில்லை. காஸ் விளக்குக்காரர்கள் ஓரமாக விளக்குக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். நாகஸ்வரக்காரர் சீவாளியை ஈரம் பண்ணிக்கொண்டிருந்தார். முன்னால் சாலை காலியாக இருந்தது. துரை கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி எதற்கோ காத்திருந்தார். எதற்கு என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தச் சமயத்தில் தவில்காரர் வார் பிடிப்பு சரியாக இருக்கிறதா என்று ஒரே ஒரு அடி அடித்துப் பார்த்தார்.

அவ்வளவுதான், துரைக்கு அதுவே பந்தயம் தொடங்கும் சைகை ஆயிற்று. ஒரு சத்தம், கொஞ்சம் புகை. புகை விலகியபோது வண்டியும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை. கைக்குழந்தைகள் அழுதன. சாலை முழுவதும் ரோஜா இதழ் கிடந்தது.

துரையின் கடிகாரப்படி முக்கால் நிமிஷத்தில் வண்டி மண்டபத்துக்குப் போய்விட்டது, மற்றது பிறகு சமையல்காரர்கள் சொல்லித் தெரிந்தது. அங்கே மாப்பிள்ளையை எதிர்கொள்ள யாருமில்லை, உள்ளறையில் இருந்த பெண்களைத் தவிர எல்லாரும் கோவில் வாசலில் இருந்தோம். கரண்டியோடு இரண்டு பேர் வெளியே வந்து பார்த்தார்களாம். வண்டி ஒரு நிமிஷம் நின்றது, உள்ளே ஏதோ பேச்சு நடந்தது, மறுபடி கிளம்பிச் சாந்தோம் பக்கம் பறந்துவிட்டது.

கோவில் வாசலில் நாங்கள் ஒரு மணி நேரம் நின்றோம். நாகஸ்வரக்காரர் ஒத்துக்கொண்ட ராகத்தை விடாமல் காலிச் சாலைக்கு வாசித்தார். சங்கத்தார் அங்கேயே அவசரக் கூட்டம் கூட்டி, மாப்பிள்ளையைத் தேட ஒரு கார் அனுப்புவது என்று தீர்மானித்தார்கள். யாருடைய கார் என்பதில் விவாதம் முட்டிக்கொண்டு நின்றது. சம்பந்தி ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, ஜானவாசத்தில் காணாமல் போன மாப்பிள்ளை தம் வம்சத்தில் ஏழு தலைமுறையாகக் கிடையாது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். ராத்திரி ரயிலுக்கே கிளம்புவதாகத் தம் கோஷ்டிக்குச் சொல்லி அனுப்பினார். மூன்று மணி நேரம் என்று பெருமை அடித்தது நான்தானே. துரையின் ஊரில் குறைந்த நேரம்தான் பெருமை என்பதைப் பத்து வருஷமாக அவர்கள் அறிக்கைகளை அடித்த எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் இருந்தது. கல்யாணத்துக்கும் அதுவேதான் அளவு என்று ஒருவர் நினைப்பார் என்பது மட்டும் தோன்றவில்லை. தங்கையின் முகத்தை இனி எப்படிப் பார்ப்பேன்?

அப்போது சாலைத் திருப்பத்தில் சிவப்பு வண்டி வந்தது. சத்தமே இல்லாமல் வந்தது. பெட்ரோல் தீர்ந்திருந்தது. பின்னால் துரை, சட்டையெல்லாம் வேர்வையாக, இரண்டு கையாலும் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் எங்கள் மாப்பிள்ளை. மாலையில் நார் மட்டும் மிச்சம். தலைமயிர் நாலு திசைக்கும் நின்றது.

சம்பந்தி எழுந்தார். ஒரு வெள்ளைக்காரர் தள்ளுகிறார் என்பதில்கூட அவர் மனசு போகவில்லை. "என் பிள்ளை டிரைவர் உத்தியோகம் பண்ணிண்டு வரான். இதைப் பார்க்கவா நான் சம்பந்தம் பண்ண வந்தேன்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். "அந்த மனுஷன் இவனைக் கடத்திண்டு போயிட்டான். நீங்க எல்லாருமா சேர்ந்து பண்ணின காரியம். இந்தக் கல்யாணம் வேண்டாம், கிளம்புங்கோ."

நான் கை கூப்பினேன்.

"அப்பா," என்று ஒரு குரல் கேட்டது. அது யாருடைய குரல் என்று எனக்கு உடனே புரியவில்லை, அதுவரை கேட்டதில்லை. மாப்பிள்ளை வண்டியிலிருந்து இறங்கியிருந்தார். "அவர் கடத்திண்டு போகலை. மண்டபத்துல நிறுத்திப் போதுமான்னு கேட்டார். நான்தான் இன்னும் போகலாம்னேன். அடையாறு பாலத்துல திரும்பலாமான்னு கேட்டார். குப்பத்து மணல்வரைக்கும் போகலாம்னு நான்தான் சொன்னேன். தப்புன்னா என்னைச் சொல்லுங்கோ, அவாளை ஒண்ணும் சொல்லாதேங்கோ."

"நீயா சொன்னே?"

"நான்தான். கல்யாணம் நாளைக்கு நடக்கும்."

சம்பந்தி மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். பிள்ளை சொன்னது முழுவதும் அவர் காதில் விழுந்ததா, பிள்ளை பேசினான் என்பது மட்டும் விழுந்ததா, தெரியாது. யாரோ தண்ணீர் கொடுத்தார்கள், குடித்தார்.

இந்த இடத்தில் பாய் என் பக்கம் வந்து தொப்பியைக் கழற்றினார். "இன்னா சார், இதுக்குப் போயி கலங்கிக்கினு. பெட்ரோல் இல்லாட்டி இன்னா? பதினொரு டிரைவர் கீறோம். மேளத்துக்கு ஏத்தாப்ல நாங்க தள்ளிக்கினு வர்றோம். இஞ்சின் போட்டா இந்த வண்டி இம்மாம் மெதுவா போவாது, சூடாயிடும்." பிறகு தலைவரைப் பார்த்தார். தலைவர் இதைத் தம் அபிப்பிராயமாகவே கூட்டத்துக்கு அறிவித்தார்.

அப்படித்தான் ஜானவாசம் நடந்தது. துரை மறுபடி ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தார், அதை மட்டும் இரண்டாம் தடவை விட்டுக்கொடுக்கவில்லை. மாப்பிள்ளைக்குப் புது மாலை. பதினொரு காக்கிச் சட்டைகள் பின்னாலிருந்து நாகஸ்வரத்தின் நடைக்கு நடை வண்டியைத் தள்ளின. துரை மார் மேல் கையைக் கட்டிக்கொள்ள முடியாமல், ஹார்ன் அடிக்கவும் முடியாமல், வீட்டுக்கு வீடு ஆரத்தி வாங்கிக்கொண்டு போனார். ஊரே வெள்ளைக்காரர்களை வெளியே தள்ளப் பார்த்த காலம், நாங்கள் ஒருவரை மெனக்கெட்டு உள்ளே தள்ளிக்கொண்டு வந்தோம். மறுவாரம் இரண்டு சங்கத்துக்கும் நானே குறிப்பு அடித்தேன். அடையாறு குறிப்பில் முக்கால் நிமிஷம், மயிலாப்பூர் குறிப்பில் மூன்று மணி பத்து நிமிஷம். இரண்டு சங்கமும் தாங்களே ஜெயித்ததாகப் பாராட்டுத் தீர்மானம் போட்டுக்கொண்டன.

அன்று மாலை வண்டி நகர ஆரம்பித்ததும் நான் குறுக்குச் சந்து வழியாக மண்டபத்துக்கு ஓடினேன். உள்ளறையில் தங்கை சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். எதிர்வீட்டு மாமி பூச்சரத்தை மடியில் வைத்துக்கொண்டு, "மத்தியானத்திலேர்ந்து தலைவலிங்கறா, ஜடையைத் தொட விடமாட்டேங்கறா," என்று என்னிடம் முறையிட்டாள். நான் நடந்ததையெல்லாம் சொன்னேன். புகையைச் சொன்னேன், கரண்டியைச் சொன்னேன், தள்ளிக்கொண்டு வந்ததைச் சொன்னேன், சம்பந்தி கிளம்பச் சொன்னதைச் சொன்னேன். மாமி விழுந்து விழுந்து சிரித்தாள். தங்கை சிரிக்கவில்லை.

"அவாத்து அப்பா கிளம்புங்கோன்னதுக்கு அவர் என்ன சொன்னார்?"

"'நான்தான் போகச் சொன்னேன், என்னைச் சொல்லுங்கோ'ன்னார். கல்யாணம் நடக்கும்னார்."

"யாராவது சொல்லிக்கொடுத்தாளா?"

"ஒருத்தரும் இல்லை."

"அப்பா எதிர்லயா சொன்னார்?"

"எதிர்ல நின்னுண்டுதான் சொன்னார்."

இத்தனை நாள் அவள் கேட்ட ஒரே கேள்விக்கு நான் கோபத்தைத்தான் பதிலாகக் கொடுத்திருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. ஏதாவது சொல்லவேண்டும் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவள் மாமிக்கு முதுகு காட்டித் திரும்பி உட்கார்ந்தாள்.

"மாமி, பின்னுங்கோ," என்றாள்.